ஒரே பேரேடு, பக்கத்துக்கு ஓர் அளவு: ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஏன் இப்படி ஆகிறது?

செட்டிநாட்டு வீட்டுப் பெட்டகத்தில் ஒரே அளவுத் தாள் இரண்டு கிடைப்பது அபூர்வம். ரங்கூன் கடைப் பேரேடு ஒல்லியாக நீண்டிருக்கும். பினாங்கில் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியிலிருந்து வந்த கடிதம் உள்ளங்கை அகலம்தான். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதிய தாள் ஓர் அளவு, மொய்ப்பண ஏடு ஓர் அளவு, கல்யாணப் பத்திரிகை வேறோர் அளவு. கரையான் முந்திக்கொள்வதற்குள் இதையெல்லாம் படமெடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும் என்று பல குடும்பங்களில் இளையவர்கள் இறங்கியிருக்கிறார்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது. கோட்டையூரில் ரோஜா முத்தையா பிடிவாதமாகச் சேர்த்து வைத்ததால்தான் அத்தனை புத்தகங்களும் அச்சுத் தாள்களும் தப்பின. அந்தச் சேகரிப்பே 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமானது.

கோப்பைத் திறக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. ஒரு பக்கம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அடுத்தது சின்னதாக நடுவில் கிடக்கிறது. பேரேட்டின் 15-ஆம் பக்கமும் 16-ஆம் பக்கமும் ஒரே தாளின் இரண்டு முகங்கள். ஆனால் பிடிஎஃப்-இல் ஒன்றைவிட மற்றது கால் பங்குக்கு மேல் பெரிது. ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனால், "அண்ணே, இதை எந்த சைஸ்ல போடறது?" என்று கேட்கிறார் கடைக்காரத் தம்பி.

உடனே பலரும் செய்வது இரண்டு. எல்லாவற்றையும் மறுபடி படமெடுப்பது, அல்லது எல்லாப் படங்களையும் ஏ4-க்கு இழுத்து நிரப்புவது. முதலாவது வீண் வேலை, இரண்டாவது ஆவணத்துக்குச் செய்யும் கெடுதல். பெரும்பாலும் படத்தில் ஒரு குறையும் இருக்காது. படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எண்தான் தப்பாக இருக்கும்.

டிஜிட்டல் படத்துக்கு அங்குலக் கணக்கில் நீளம், அகலம் எதுவும் கிடையாது. பிக்சல் என்ற சிறு புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. பட்டாலை என்ற கூடத்தில் நீளவாக்கில் 30 ஆத்தங்குடித் தரைக்கல் பதித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை வைத்துப் பட்டாலையின் நீளத்தைச் சொல்ல முடியாது. ஒரு கல் 8 அங்குலம் என்றால் 20 அடி, 10 அங்குலம் என்றால் 25 அடி, 12 என்றால் 30 அடி. கல் எவ்வளவு பெரிது என்ற தகவல் தனியாக வேண்டும். படத்தில் அந்தத் தகவலைச் சொல்வதுதான் டிபிஐ: ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்.

பிடிஎஃப் இதற்கு நேரெதிர். 1993-ல் அடோபி அதை வெளியிட்டதே, திரையில் பார்ப்பதும் தாளில் அச்சாவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதனால் அது அளவைப் பாயின்டில் சொல்கிறது. 72 பாயின்ட் ஓர் அங்குலம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் அளவைச் சொல்லும் மீடியாபாக்ஸ் என்றொரு செவ்வகம் உண்டு. ஏ4 பக்கம் என்றால் அது ஏறக்குறைய 595-க்கு 842 பாயின்ட். ஒரு கோப்பில் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பிடிஎஃப்-க்கு விதி எதுவும் இல்லை. அதனால்தான் பக்கத்துக்கு ஓர் அளவில் கொடுத்தாலும் அது முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறது.

படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள் போடும் கணக்கு எளிது: பிக்சலை டிபிஐ-யால் வகு, வருவது அங்குலம். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த ஏ4 தாள் 2480-க்கு 3508 பிக்சல். கோப்பில் 300 என்று எழுதியிருந்தால் பக்கம் சரியாக ஏ4. அதே படத்தில் 150 என்று இருந்தால் பக்கம் 16.5-க்கு 23.4 அங்குலம், அதாவது ஏ2. 72 என்று இருந்தால் நீளம் மட்டும் 48.7 அங்குலம், நான்கு அடி. மூன்றிலும் ஒரு பிக்சல்கூட மாறவில்லை.

சரி, அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள்? இங்கேதான் ஸ்கேனரும் போனும் பிரிகின்றன.

ஸ்கேனரின் கண்ணாடிக்கு அடியில் உணர்விகள் குறுக்காக வரிசையாக நிற்கின்றன. அங்குலத்துக்கு எத்தனை என்பது கருவியைச் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. நீளவாக்கில் ஒரு மோட்டார் அந்த வரிசையைச் சிறு சிறு எட்டாக நகர்த்துகிறது. ஓர் எட்டு எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதால் இடைவெளி மாறுவதில்லை. ஆகவே ஸ்கேனர் 300 என்று எழுதினால் அது அளந்து எழுதிய எண், நம்பலாம்.

போன் கேமராவுக்குத் தாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிது என்ற விவரம் எதுவும் இல்லை. படத்தோடு சேரும் எக்ஸிஃப் குறிப்பில் டிபிஐ-க்கு ஓர் இடம் இருக்கிறது; தெரியாவிட்டால் 72 என்று போடு என்று எக்ஸிஃப் விதியே சொல்கிறது. தெரியவில்லை என்பதற்கான அந்த அடையாளத்தை அடுத்து வரும் மென்பொருள் உண்மை அளவாக எடுத்துக்கொள்கிறது. சில கோப்புகளில் அந்தக் குறிப்பே இருக்காது. அப்போது மென்பொருள் தானாக ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும்: ஒன்று 72 என்று எடுக்கும், படங்களைப் பிடிஎஃப் ஆக்கும் ஐஎம்ஜி2பிடிஎஃப் போன்றது 96 என்று எடுக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சலும் குறையும், குறிப்பும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு பேரேட்டை வைத்தே பார்ப்போம். தாளின் நீளம் 33 சென்டிமீட்டர், அதாவது 13 அங்குலம். முகப்புத் திண்ணையில் விரித்து, மேலிருந்து போனில் எடுக்கிறீர்கள். ஓரம் வெட்டிய பிறகு 15-ஆம் பக்கத்தில் பேரேடு 3640 பிக்சல் நீளம். பக்கத்தைப் புரட்டும்போது கை சற்று உயர்ந்துவிட்டது. 16-ஆம் பக்கம் 2860 பிக்சல்தான். முதலாவதின் உண்மையான டிபிஐ 280, இரண்டாவதின் டிபிஐ 220. ஆனால் இரண்டு கோப்பிலும் எழுதியிருப்பது 72. விளைவு: பிடிஎஃப்-இல் ஒன்று 50.6 அங்குலம், மற்றது 39.7 அங்குலம். அதே கோப்பில் ஸ்கேனரில் எடுத்த 7 அங்குலக் கல்யாணப் பத்திரிகை 7 அங்குலமாகவே உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்குப் பத்திரிகைதான் சுருங்கிப்போனதாகத் தோன்றும். உண்மையில் அது ஒன்றுதான் சரியான அளவில் இருக்கிறது.

எந்தப் பக்கம் கோளாறு என்று கண்ணால் தேட வேண்டாம். அகலத்துக்குப் பொருத்திக் காட்டும் முறையில் வைத்திருந்தால் திரை வித்தியாசத்தை மறைத்தும்விடும். அடோபி ரீடரில் சுட்டியைப் பக்கத்தின் கீழ் இடது மூலைக்குக் கொண்டுபோனால் அந்தப் பக்கத்தின் அளவு தெரியும். நூறு பக்கம் என்றால் பாப்ளர் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இருக்கும் பிடிஎஃப்இன்ஃபோ என்ற கருவி போதும். முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் கொடுத்தால் பக்கத்துக்கு ஒரு வரியாக அளவைச் சொல்லிவிடும். அதன் கூட்டாளி பிடிஎஃப்இமேஜஸ் இன்னும் பயன்படும். பட்டியல் கேட்டால் ஒவ்வொரு படத்தின் பிக்சலும், பக்கத்தில் அது அங்குலத்துக்கு எத்தனையாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அருகருகே வரும். அந்த வரிசையில் 300, 300, 72, 300 என்று பார்த்த கணத்தில் நோய் எது என்று தெரிந்துவிடும். நீளமும் அகலமும் மட்டும் இடம் மாறியிருந்தால் அது வேறு விஷயம்: படத்தைத் திருப்பிக் காட்டு என்ற எக்ஸிஃப் குறிப்பை மென்பொருள் கவனிக்கவில்லை. படத்தை முதலில் நிஜமாகவே திருப்பிச் சேமித்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

இனித் திருத்தம். எடுக்கும்போதே தாளின் ஓரத்தில் ஒரு அடிக்கோல் வைத்துவிடுங்கள். பிறகு படத்தில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணி, 10-ஆல் வகுத்து, 2.54-ஆல் பெருக்கினால் டிபிஐ வந்துவிடும். போனை ஒரு ஸ்டாண்டில் பொருத்திவிட்டால் எல்லாப் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். கையில் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். கிடைத்த எண்ணை, படக் குறிப்புகளைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு கோப்பில் எழுதலாம், படம் தொடப்படாது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஜேபெக் கோப்பில் டிபிஐ இரண்டு இடத்தில் இருக்கலாம், கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஜேஎஃப்ஐஎஃப் தலைப்பிலும் எக்ஸிஃப்பிலும். ஒன்றை மட்டும் மாற்றினால், ஒரு மென்பொருளில் சரியாகவும் இன்னொன்றில் பழையபடியும் வந்து குழப்பும். இரண்டையும் மாற்றுங்கள். போட்டோஷாப்பில் செய்தால் ரீசாம்பிள் என்ற டிக்கை எடுத்துவிட்டுத்தான் எண்ணை மாற்ற வேண்டும். டிக் இருந்தால் அது பிக்சல்களையே புதிதாகச் செய்துவிடும், மங்கிய மையில் எழுதிய பற்று வரவு எண்கள் இன்னும் மங்கும்.

அப்புறம் பிடிஎஃப் ஆக்க, ஐஎம்ஜி2பிடிஎஃப் நல்லது. ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும்.

டிபிஐ சரியான பிறகும் பக்கங்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஆடும். தானாக ஓரம் வெட்டும் வசதி ஒரு பக்கத்தை 2471 பிக்சலிலும் அடுத்ததை 2486-லும் வெட்டுவதால் வருவது இது. படத்தை நீட்டிச் சரிசெய்யக் கூடாது. எல்லாப் பக்கத்தையும்விடச் சற்றே பெரிய வெற்றுப் பரப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு படத்தையும் அதன் நடுவில் வைக்க வேண்டும். விளிம்பு கூடும், எழுத்து மாறாது. படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் எக்ஸ்டென்ட் என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. நிறையப் பக்கம் இருந்தால், ஸ்கேன் பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லர் என்ற மென்பொருள் வசதி: டிபிஐ இல்லை என்றாலோ நம்ப முடியாததாக இருந்தாலோ அது முதலிலேயே நிறுத்திக் கேட்கும், கடைசியில் விளிம்புகளைச் சேர்த்து எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவாக்கும்.

எல்லாவற்றையும் ஏ4 ஆக்கினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வாசிப்புப் பிரதிக்கு ஒன்றும் கெடாது, தாராளமாகச் செய்யுங்கள். மூலப்பிரதிக்கு மட்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. 13 அங்குலப் பேரேடு சுருங்கி, 5 அங்குலக் கடிதம் ஊதி, இரண்டும் ஒரே தாளில் வந்து நின்றால் எது மடியில் வைத்து எழுதியது, எது கடை மேசையில் விரித்து எழுதியது என்ற தடயம் போய்விடுகிறது. சொத்தையும் கடனையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகையை எழுதிய கணக்குப்பிள்ளை எத்தனை பொடி எழுத்தில் எழுதினார் என்பதும் அந்த ஆவணத்தின் செய்திதான்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஃபிட் என்பதை விட்டுவிட்டு ஆக்சுவல் சைஸ் போடச் சொல்லுங்கள். பேரேடு ஏ4-க்குள் அடங்காது, ஏ3 தாள் கேட்க வேண்டும். முதல் பக்கம் வந்ததும் படத்தில் பதிவான அடிக்கோலின் மேல் நிஜ அடிக்கோலை வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் மீதிப் பக்கங்களையும் போடச் சொல்லலாம்.