மருத்துவரால் பிறந்தது

"அம்மா சீட்டுல ஐயாட்ரோஜெனிக்னு எழுதியிருக்கீங்களே டாக்டர், அது புது வியாதியா?" என்று கேட்டார் மகன்.

வியாதி இல்லை, வியாதி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சொல். கிரேக்கத்தில் 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். பீடியாட்ரிஷியன், சைக்கியாட்ரிஸ்ட் என்ற பெயர்களுக்குள் ஒளிந்திருப்பதும் அவரேதான். 'ஜெனிக்' என்றால் பிறந்தது. ஆக, மருத்துவரால் பிறந்தது. எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

அந்த அம்மா பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தார். கணுக்கால் வீங்கியது. அந்த மாத்திரை நுண்ணிய தமனிகளை விரிப்பதால் நீர் திசுக்களுக்குள் கசியும். அளவு கூடினால் வீக்கமும் கூடும். இது மாத்திரையின் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. வேறோர் இடத்தில் நீர் மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாதிரி வீக்கம் அதற்கு அவ்வளவாக மசியாது. ராத்திரி நான்கு முறை எழுந்து பாத்ரூம் போனதுதான் மிச்சம். ஒருநாள் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நீர் மாத்திரையை நிறுத்தி, பிரஷர் மாத்திரையை மாற்றினேன். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது.

"அப்போ தப்பு யார் மேல?" மகனுக்குக் கோபம். நியாயம்தான். ஆனால் இந்தச் சொல் குற்றப்பத்திரிகை அல்ல. புற்றுநோய்க்கு கீமோ கொடுத்து முடி கொட்டினால் அதுவும் ஐயாட்ரோஜெனிக், தெரிந்தேதான் கொடுக்கிறோம். 1847இல் வியன்னாவில் மருத்துவர்கள் பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்கப் போனார்களே, அந்தக் கை வழியாகத் தாய்மாருக்கு நோய் தொற்றியது, அது வேறு கதை. கையைக் குளோரின் கலந்த நீரில் கழுவவைத்தார் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வைஸ். மாதம் 18 சதவீதம் வரை போயிருந்த தாய்மார் சாவு சில வாரங்களில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது.

இந்தச் சொல்லை முதலில் மருந்தால் வந்த கேட்டுக்குப் பயன்படுத்தவில்லை. மருத்துவரின் பேச்சாலேயே நோயாளிக்கு வரும் பாதிப்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். நானும் செய்திருக்கிறேன். "ஈசிஜியில லேசா ஒரு மாற்றம்" என்று ஒரு நோயாளியிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டேன்; அவர் ஆறு மாதம் மாடிப்படி ஏறவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புதுத் தொந்தரவு வந்தால், சமீபத்தில் எந்த மாத்திரை சேர்ந்தது என்று யோசித்துச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, பையோடு கொண்டுவாருங்கள்.

அந்த அம்மாவும் அடுத்த முறை மஞ்சள் பையை மேசையில் கொட்டினார். நான் நிறுத்தச் சொன்ன நீர் மாத்திரை அட்டையும் அதில் இருந்தது, பாதி காலியாக.