முகாம்: பாட்டும் சிறையும்

‘பன்னிரு முகாம்’ என்று எழுதிப் பாருங்கள். தமிழ் வாசகருக்குப் பன்னிரண்டு கொட்டகைகள்தான் கண்முன் வரும். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் மக்களுக்கோ அது அவர்களுடைய பேரிசை. ‘ஓன் இக்கி முகாம்’ என்பார்கள். பாட்டு, வாத்தியம், கதைப்பாடல், ஆட்டம் எல்லாம் சேர்ந்தது. முழுவதையும் இசைக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வேர் ஒன்றுதான். அரபியில் ‘மகாம்’ என்றால் நிற்கும் இடம். இசையில் அது ஒரு பண்ணுக்குப் பெயரானது. உஸ்பெக்குகள் மகோம் என்கிறார்கள். நம்மிடம் அதே சொல் உருது வழியாக, தங்கும் இடம் என்ற பொருளில் வந்து சேர்ந்தது. ரத்ததான முகாம், அகதி முகாம் எல்லாம் அப்படித்தான். பழந்தமிழில் படை தங்கும் இடத்துக்குப் பாசறை, பாடி என்ற சொற்கள் இருந்தன.

ஒவ்வொரு முகாமும் ‘முகத்திமே’ என்ற முன்னுரையோடு தொடங்கும். தாளம் கிடையாது. நீண்ட கழுத்துள்ள சத்தார் என்ற தந்தி வாத்தியத்தை ஒருவர் வில்லால் மீட்டுவார். வில் படுவது ஒரே தந்தியில். மற்றத் தந்திகள் தாமாக அதிர்ந்து கூடவே முனகும். அதன்மேல் குரல் மெல்ல ஏறும். நம் ஆலாபனை கேட்டுப் பழகிய காது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். 16ஆம் நூற்றாண்டில் யார்கந்து அரசி அமன்னிசா கான் இவற்றைத் தொகுத்தார் என்பது மரபு.

2005இல் யுனெஸ்கோ இந்த இசையை மனிதகுலத்தின் மரபுச்செல்வமாக அறிவித்தது. முன்மொழிந்தது சீன அரசு. 2017 முதல் பத்து லட்சம் அளவிலான உய்குர்களையும் பிற முஸ்லிம்களையும் அடைத்து வைத்ததும் அதே அரசுதான். உய்குர் பாட்டு, புனிதத் தலங்கள் பற்றிய கதைகளை ஊர் ஊராகச் சேகரித்த பேராசிரியர் ராஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமல் போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் உறுதியானது. நினைக்கவே மனம் பதறுகிறது.

அடைத்து வைத்த இடங்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தொழிற்பயிற்சி மையம்’. உய்குர்கள் ‘லாகேர்’ என்பார்கள். முகாம் என்ற பொருளில் ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல். போனில் உறவினரை விசாரித்தால் அந்தச் சொல்லைக்கூட உச்சரிக்க முடியாமல், “படிக்கப் போயிருக்கிறார்” என்பார்கள்.

சரி, இந்த இசையையும் அந்தச் சிறையையும் தமிழில் எப்படி எழுதலாம்? பண் என்பது பொருந்தும், ஆனால் போதாது. இது பல பாடல்கள் கோத்த தொடர். ஆகவே ‘பன்னிரு பண்தொடர்’ என்பேன். லாகேருக்குத் ‘தடுப்பு முகாம்’ என்பதே சரி. ‘பயிற்சி மையம்’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், அல்மாட்டியிலும் இஸ்தான்புல்லிலும் லண்டனிலும் புலம்பெயர்ந்த உய்குர்கள் இன்றும் இந்த இசையைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு லாகேருக்குள் போன சொந்தங்கள் உண்டு.