தொன்னே: தரவு அன்று, விழுமிடம்

“தரவை மூன்று முறைக்கு மேல் தட்டிச் சோதிக்கக் கூடாது” என்ற வரியை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களா முற்றத்தில், பெத்தாங் என்னும் இரும்புக் குண்டு எறியும் ஆட்டத்தை ஆடக் கூடியவர்களுக்குக் கொடுத்த விதித்தாளில்தான் முதலில் படித்தேன். அச்சுப்பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சென்ற மாதம் சேலத்தில் ஒரு பயிற்சியாளர் அதே வரியை ஒலிபெருக்கியில் படித்தபோது, எதைத் தட்டச் சொல்கிறார்கள் என்று விளங்காத ஒரு பையன், கையிலிருந்த இரும்புக் குண்டையே விரலால் தட்டிப் பார்த்தான்.

பெத்தாங் தென் பிரான்சில், லா சியோத்தா என்னும் ஊரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஆட்டம். கால்களை ஊன்றி நின்றபடி எறிவதால் அந்தப் பெயர். ‘தொன்னே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு (நம் இலைத் தொன்னைக்கும் இதற்கும் உறவில்லை) ‘கொடுக்கப்பட்டது’ என்பது நேர்ப்பொருள். கணினிக்காரர்களுக்கு அது தரவு. பெத்தாங் ஆடுவோருக்கோ, எறிந்த குண்டு தரையை முதலில் தொடவேண்டிய இடம். விதித்தாளில் ‘தரவு’ ஆகிவிட்டது இந்தச் சொல்தான்.

‘தா’விலிருந்து ‘தரவு’ வந்ததைப் போலவே ‘கொடு’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து ‘தொன்னே’ வந்திருக்கிறது, இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு ஏது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர் ஒத்துப்போவதாலேயே பொருளும் ஒத்துப்போய்விடாது. ‘நட’ என்ற வினையில் பிறந்ததுதான் ‘நடப்பு’. அதற்காக நடைபாதையை யாரும் நடப்பு என்பதில்லை. தரவு என்பது கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயராக இருந்து, நம் காலத்தில் கணினித் துறைக்குப் பயன்பட்டு நிலைத்த நல்ல சொல். அதன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வாக்கியத்தில் தரை எங்கே போயிற்று என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பாராத மொழிபெயர்ப்பாளரிடம்தான் மனத்தாங்கல்.

ஏனென்றால் இந்தச் சொல்லின் உயிரே தரைதான். 650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள குண்டை, 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டின் அருகே நிறுத்தவேண்டும். சமமாக இறுகிய மண்ணில் காலுக்குச் சற்று முன்னாலேயே குண்டை இறக்கி, மீதித் தொலைவை உருளவிடலாம். சேலத்துச் சரளைத் தரையில் அப்படி உருட்டினால் ஒரு கூழாங்கல் போதும், குண்டு திசைமாறிப் போய்விடும். அங்கே உயர எறிந்து, பின்சுழற்சி கொடுத்து, மரக்குண்டை ஒட்டி இறக்கவேண்டும். மழையில் ஊறிய செம்மண்ணில் குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்து நின்றுவிடும் என்பதால், இன்னும் நெருங்கி இறக்கவேண்டும். ஏற்காட்டில் அந்த முற்றம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நன்றாக ஆடியவர்கள் மரக்குண்டுக்கு நேராக எறியாமல், மேட்டுப் பக்கம் ஒரு சாண் தள்ளி இறக்கிச் சரிவோடு வரவிட்டார்கள். தரை மாறினால் தொன்னே மாறும். மரக்குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அதனால்தான் சிலர் சொல்லும் ‘இலக்கு’ம் சரிப்படாது. இலக்கு மரக்குண்டு, எறிகிறவர் கண் வைப்பதோ வேறோர் இடத்தில். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ஆட்டத்தின் நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கவே முடியாது. ‘இறங்குபுள்ளி’ அதைவிட மேல், ஆனால் 13 புள்ளி எடுத்தவர் வெல்லும் ஆட்டத்தில் இன்னொரு புள்ளி குழப்பத்தைத்தான் கூட்டும். ‘குத்துமிடம்’ கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். குத்திய பந்து எழும்பும் என்பதுதான் அதில் இடிக்கிறது, மணலில் விழும் இரும்புக் குண்டு எழும்பாது. விழும் இடம் விழுமிடம். புணர்ச்சியில் சிக்கலில்லை, கேட்டவுடன் விளங்குகிறது, தரையும் அதற்குள் இருக்கிறது.

விதித்தாளைத் திருத்தி அச்சிடுவோர் அந்த வரியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: “மரக்குண்டை எறியப்போகிறவர், தாம் கருதும் விழுமிடத்தைத் தம் குண்டால் மூன்று முறைக்கு மிகாமல் தட்டிப் பார்க்கலாம்.”