புவியீர்ப்பு நின்றால் மிதப்போமா?

புவியீர்ப்பு திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் "எல்லோரும் மிதப்போம்" என்பார்கள். விண்வெளி நிலையத்து வீடியோக்களைப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் அப்படித் தோன்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் ஒரு நிமிடம் நாம் மிதக்கவே மாட்டோம்.

முதலில் பூமியின் சுழற்சியைப் பார்த்துவிடலாம். இந்தியப் பெருங்கடலில் உள்ள எங்கள் ரீயூனியன் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 21 பாகையில் இருக்கிறது, பூமி சுழலுவதால் நாங்கள் மணிக்குச் சுமார் 1,560 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். பூமி துளியும் விரியாத கெட்டி உருண்டை, ஈர்ப்பு மட்டும் நின்றது என்று வைத்துக்கொண்டால், நாம் நேர்கோட்டில் போவோம், தரை வளைந்து விலகும். எங்கள் தீவின் சான்-ஆந்த்ரே ஊரில் கோயில் வாசலில் நிற்பவர் முதல் நொடியில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் எழும்புவார், ஒரு நிமிடத்தில் சுமார் 53 மீட்டர். அப்படியே விண்வெளிக்குத் தூக்கி எறியப்படுவோம் என்று சிலர் சொல்வதெல்லாம் மிகை.

சரி, ஆனால் பூமி அப்படிக் கெட்டி உருண்டை கிடையாது, இங்கேதான் விஷயமே இருக்கிறது. பூமி தன் எடையாலேயே தன்னை அமுக்கி வைத்திருக்கிறது. மையத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 36 லட்சம் மடங்கு. ஒவ்வொரு பாறை அடுக்கையும் ஈர்ப்பு கீழே இழுக்க, அடியிலுள்ள அழுத்தம் அதே அளவு மேலே தள்ள, இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால்தான் தரை சும்மா கிடக்கிறது. இழுப்பு மறைந்தாலும் தள்ளுவது உடனே மறையாது. அதனால் பொருள்கள் எந்த வேகத்தில் கீழே விழுமோ அதே கணக்கில் தரை மேலே கிளம்பும்: 10 நொடியில் அரை கிலோமீட்டர், ஒரு நிமிடத்தில் 17 கிலோமீட்டருக்கு மேல். தரையே நம்மைத் தள்ளிக்கொண்டு போவதால் காலில் வழக்கமான எடைதான் தெரியும். கையிலிருக்கும் தேங்காயை விட்டால் தரை வந்து அதில் மோதும், பார்க்கிறவருக்கு அது விழுந்து உடைந்த மாதிரியே இருக்கும்!

ஆனால் உருண்டை பெரிதாகப் பெரிதாக மேல்தோல் இழுபடும். இழுவிசையைப் பாறை அவ்வளவாகத் தாங்காது, சில நொடிகளிலேயே எங்கும் பிளவு விழும்.

அப்புறம் உள்ளே இருப்பது. எங்கள் தீவின் பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை ஏன் இத்தனை முறை குமுறுகிறது? தீவுக்கு அடியில் ஆழத்திலிருக்கும் சூடான பாறை, அழுத்தத்தால்தான் உருகாமல் இருக்கிறது. மெல்ல மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உருகுகிறது, அதில் கரைந்திருக்கும் வாயு மூடி திறந்த சோடா போலப் பொங்குகிறது. ஒரு தீவுக்கு அடியில் நடக்கும் இந்த வேலை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடலும் காற்றும்கூடத் தங்காது, அவற்றையும் பிடித்து வைத்திருப்பது அதே ஈர்ப்புதான்.

சிதறிய துண்டுகள் மறுபடி கூடவும் வழியில்லை. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் தூசியையும் கற்களையும் திரட்டிப் பூமியாக்கியது ஈர்ப்பு. சூரியனின் ஈர்ப்பு மட்டும் மிச்சமிருந்தால், துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நம்மைச் சுற்றிவந்த நிலாவும் பிடி விட்டுத் தன் பாதையில் போய்விடும்.