மாம்பழத் தோலும் வேப்பஞ்சருகும்

மாம்பழக் காலம் வந்துவிட்டால் சேலத்தில் வீட்டுக் குப்பைக் கூடைகள் கனக்கத் தொடங்கும். மல்கோவாவின் தோலும் கொட்டையும் பாலித்தீன் பையில் முடிச்சிடப்பட்டுக் குப்பைக் கிடங்குக்குப் போகும். அதே காலையில், தெருவோரம் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகுக்கு யாராவது தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். சேர்ந்து மட்கி உரமாவதற்கு ஒன்றுக்கு ஒன்று தேவையான இரு பொருள்களைத் தனித்தனியே பாழாக்கும் வழக்கம் இது.

கிடங்கில் குப்பை மேல் குப்பை விழ, அடியிலிருப்பது அழுந்திக் காற்றை இழக்கிறது. மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றின் விளைபொருள்களிலிருந்து மெத்தனோஜன்கள் என்னும் உயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. முதிர்ந்த கிடங்கிலிருந்து கசியும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன்தான். எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு.

காற்று புகும் மட்குக் குவியலில் அதே தோல் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் வெப்பமாகவும் மாறி, மீதி உரமாகிறது. அந்தக் கார்பன், மாமரம் அண்மையில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்பதால் புதிய சுமையாகக் கருதப்படுவதில்லை.

சருகு இங்கே இரண்டு வேலை செய்கிறது. நுண்ணுயிர்களுக்கு 1 பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். சமையலறைக் கழிவில் கார்பன் அதற்குக் குறைவு. மிகுதியான நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறி மூக்கைத் துளைக்கும். காய்ந்த இலையோ கார்பன் மிகுந்தது. அதோடு, விறைப்பான இலைகள் கழிவு களியாகப் படிந்துவிடாமல் காற்றுக்கு இடைவெளி விடுகின்றன. ஆகவே ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு போடலாம். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. குப்பையில் நாற்றம் வருவது இயல்பு என்பார்கள். என்னைக் கேட்டால் அது காற்றுக் குறைவுக்கான முறையீடு.

ஒரு கன மீட்டர் அளவுக் குவியல் சில நாள்களிலேயே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். கிளறும்போது ஆவி எழும். மூன்று நாள் 55 டிகிரிக்கு மேல் நின்றால் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் மடியும். சிறு தொட்டிகள் அவ்வளவு சூடேறா. மட்கும், ஆனால் மெல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் குளிரில் வெப்பம் விரைவாகக் கழிந்துவிடுவதால், அங்கே குவியல் பெரிதாக இருப்பதும் மழைக்கு மூடியிருப்பதும் நல்லது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை கடினமானது. நறுக்கி, ஈரமான காப்பிப் பழத்தோலோடு கலந்தால் இரண்டும் சேர்ந்து மட்கும்.

சில மாதங்களில் கரிய, முதல் மழை மணம் வீசும் உரம் கிடைக்கும். மாங்கொட்டை மட்டும் சல்லடையில் நின்றுவிடும்; அடுத்த குவியலில் போட்டுவிடலாம். எங்கள் வீட்டுத் தொட்டியின் ஓரத்தில் ஒரு கொட்டை செம்பு நிறத்தில் துளிர்விட்டிருந்தது. அங்கே சூடு எட்டவில்லை.