சிதைவு வினை: சுண்ணாம்புத் தொட்டியில் வந்த சந்தேகம்

வெள்ளையடிக்க வாங்கிவந்த சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், கட்டி புஸ்ஸென்று கொதித்து வெடித்து மாவாக உதிர்ந்தது. கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவன் பார்த்துக்கொண்டே நின்றவன், "மாமா, இதுதானே சிதைவு வினை?" என்றான்.

இல்லை. இது நேர் எதிர். கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் கூடி கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிற சேர்க்கை வினை. சிதைவு எப்போதோ காளவாயிலேயே முடிந்துவிட்டது. மதுக்கரை, வாளையார் மலைகளில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, அதைச் சுமார் 900 டிகிரி செல்சியசுக்குச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் மிஞ்சுவது 56 கிலோ, மீதி 44 கிலோ காற்றோடு காற்றாகப் போயிருக்கும். ஆனால் கட்டி கட்டியாகவே இருக்கும், கையில் எடுத்தால்தான் எடை குறைந்தது தெரியும். ஆக, சிதைந்தது சிதைந்த மாதிரி இல்லை, சேர்ந்தது சிதைந்த மாதிரி இருக்கிறது. பையன் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

சிதைவு வினைக்கு ஆங்கிலத்தில் டீகம்போசிஷன் என்று பெயர். லத்தீனில் 'ஒன்றாக வைத்தல்' என்ற பொருளுள்ள சொல்லுக்கு முன்னால், அதைக் கலைப்பதைக் குறிக்கும் 'டீ' ஒட்டிக்கொண்டது. அதாவது ஒரே சேர்மம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எளிய பொருள்களாகப் பிரிவது. உதிர்வது, நொறுங்குவது என்ற பேச்சே அதில் கிடையாது. பிணம் அழுகுவதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு அழுகுதல், மட்குதல் என்று தனித்தனியாக இருப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

பிரிகிற பொருளுக்கு வெப்பம் கொடுத்தால் வெப்பச்சிதைவு, மின்சாரம் செலுத்தினால் மின்னாற்சிதைவு, வெளிச்சம் பட்டு நடந்தால் ஒளிச்சிதைவு. சரி.

இந்த எல்லையில் இருந்தால் இன்னொரு தொல்லை. மலையாள வழிப் பிள்ளைகள் இதை 'விகடனம்' என்பார்கள், விகடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்குப் புத்தகத்தில் 'வியோகம்', நம் காதில் அது யாரோ செத்துப்போன செய்தி மாதிரி விழும். சிதைவு என்பது பழைய சொல்; வடசொல் உருமாறி வருவதைப் பற்றித் தொல்காப்பியம் 'சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்' என்கிறது, அதாவது உருமாறி வந்தாலும் பொருந்துவதை விலக்கமாட்டார்கள்; சிதைவும் இயைவும் அங்கேயே ஒரே அடியில் நிற்கின்றன.

இலங்கைப் பாடங்களில் 'இரசாயனப் பிரிகை' என்பார்கள். என்னைக் கேட்டால் பொருளுக்கு அதுதான் கச்சிதம், பையனுக்கும் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் பிரிகை என்பது கரைசலில் அயனிகள் பிரிவதற்குப் போய்விட்டது. அதனால் இங்கே சிதைவு வினை என்றே எழுதலாம், உதிர்வதோடு மட்டும் சேர்த்துப் பார்க்காமல்.

அப்புறம், நீறு. தமிழ்ப் புத்தகத்தில் நீற்றுச் சுண்ணாம்பு என்றால் தண்ணீர் ஊற்றியது. மலையாளத்தில் நீற்றுகக்க என்றால் சுட்ட சிப்பி, இன்னும் தண்ணீரே படாதது. பாலக்காட்டுக் கடையில் வாங்கும்போது பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள், தண்ணி ஊற்றினதா ஊற்றாததா என்று கேளுங்கள்.