எலி ஈரலில் காத்திருக்கும் முட்டைகள்

அம்பாசமுத்திரம் பக்கம், பிசான அறுப்பு முடிந்த வயல். வரப்போரமாக ஒரு பூனை எலியைக் கவ்விக்கொண்டு ஓடியது. "செத்துட்டுல்லா, தொல்லை விட்டுது" என்றார் சித்தப்பா. எலியின் ஈரலில் குடியிருக்கும் ஒரு புழுவுக்கோ, எலி செத்த பிறகுதான் வழியே திறக்கும்.

அதன் பெயர் கலோடியம் ஹெபாட்டிகம். நூல்போல மெலிந்த உருளைப்புழு. எலி, சுண்டெலிகளில் உலகெங்கும் உண்டு. 1893-ல் இதை விவரித்தவர் ஆஸ்திரேலியாவின் தாமஸ் பேன்கிராஃப்ட். யானைக்கால் புழுவின் அறிவியல் பெயரில் இருப்பது இவருடைய அப்பா ஜோசப்.

குடற்புழு என்றால் அதன் முட்டை புழுக்கையோடு வெளியே போய்விடும். ஈரலில் அப்படி வாசல் கிடையாது. பெண்புழு ஈரல் திசுவுக்குள்ளேயே கொத்துக்கொத்தாக முட்டையிட்டு, சில வாரங்களில் செத்துக் கரைகிறது. மிஞ்சிய முட்டைகளைச் சுற்றி எலியின் உடல் நார் வேலி கட்டிவிடும். அறுத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பு ஈரலில் வெளிறிய மஞ்சளாகத் திட்டும் கோடும் தெரியும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு முட்டையும் ஒரு குட்டித் தவில்: நடு பருத்து, இரு முனையிலும் அடைப்பு. வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20 அடங்கும்.

ஈரலுக்குள் கரு கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். மேலே வளர அதற்குக் காற்றும் ஈரமும் வேண்டும். மண்ணில்தான் இரண்டும் கிடைக்கும். எலி செத்து அழுகினால் முட்டை மண்ணில் சேரும். பூனை தின்றால் இன்னும் வசதி: செரிக்காமல் பூனையின் மலத்தோடு வேறொரு வரப்பில் போய் விழும். முட்டை பக்குவப்படாததால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. ஈரமண்ணில் ஒரு மாதம் போலக் கிடந்தால் உள்ளே இளம்புழு தயார். மண் ஒட்டிய நெல்மணியோடு இன்னொரு எலி அதை விழுங்கும்போது, புழு குடலில் பொரித்து, குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது.

மனிதருக்கு இது மிக அரிது. மண்ணள்ளித் தின்னும் குழந்தைகளிடம்தான் கவனம் வேண்டும். தொற்றினால் விடாத காய்ச்சலும் ஈரல் வீக்கமும் வரும்.

"அப்போ இந்தப் புழுவையே வயல்ல விட்டு எலிய ஒழிக்கலாம்லா?" சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் 1990-களில் சுண்டெலிப் பெருக்கத்துக்கு எதிராக அதைச் செய்தே பார்த்தார்கள், கைகொடுக்கவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. முட்டை வெளியே வர ஒரு எலி சாக வேண்டும், பிறகு மண்ணில் ஒரு மாதம் கிடக்க வேண்டும். சுண்டெலியோ 3 வாரத்தில் அடுத்த ஈற்றுக் குட்டிகளைப் போட்டுவிடும்.